புறக்கணிக்கப்பட்ட பந்து மலைப்பாம்பைத் தேற்றும் முறை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆனால் மேலை நாடுகளில் நாய், பூனைகளைப் போலவே பாம்பையும் வீட்டில் வைத்து வளர்ப்போர் பலர் உள்ளனர். அவ்வாறு வளர்க்கப்படும் பாம்புகளுள் முதலிடம் பெறுவனவற்றில் ஒன்று பந்து மலைப்பாம்பு. இது நஞ்சற்றது, சாதுவானது, அளவில் சிறியது. இக்காரணங்களால் பிள்ளைகளுக்காக வாங்கப்படும் இப்பாம்பு, ஆசை தீர்ந்தபின் கவனிப்பாரின்றி அறையின் மூலையில் கிடந்து மெலிவதும் உண்டு. இங்கிலாந்தில் இத்தகைய பாம்புகளை விலங்கு நலச் சங்கங்கள் மீட்டு, விருப்பமுள்ள வேறு குடும்பத்தாரிடம் ஒப்படைக்கின்றன. முன்அனுபவம் இல்லாத ஒருவர் இப்படி ஒரு பாம்பை ஏற்றுக்கொள்ளும்போது இரக்கத்தால் செய்யும் தவறுகளே அதன் உயிருக்கு உலை வைத்துவிடுகின்றன. எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்னும் வரிசை தெரிந்தால் மெலிந்த பாம்பையும் சில மாதங்களில் தேற்றிவிடலாம்.

பிறப்பிடம்

பந்து மலைப்பாம்பின் அறிவியல் பெயர் 'பைத்தான் ரீஜியஸ்' என்பதாகும். 'ரீஜியஸ்' என்றால் அரசருக்குரியது என்று பொருள். எனவே இங்கிலாந்தில் இதை 'ராயல் பைத்தான்' என்பர். அச்சமுற்றால் தலையை நடுவில் வைத்து உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்ளும் இயல்பினால் அமெரிக்காவில் 'பால் பைத்தான்' என்றனர். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் தொடங்கி, கானா, டோகோ, பெனின், நைஜீரியா வழியாகக் கிழக்கே உகாண்டா வரை இது காணப்படுகிறது. வளர்ந்த பாம்பு 90 முதல் 150 செ.மீ. நீளமிருக்கும். பெண் பாம்பு ஆணைவிடப் பெரியது.

புல்வெளிகளிலும் விளைநிலங்களிலும் எலி வளைகளுக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் பகலில் பதுங்கியிருந்து, இரவில் இரை தேடும். எலிகளை உண்பதால் அந்நாட்டு உழவர்க்கு இது நண்பன். பெனின் நாட்டின் உய்டா நகரில் இப்பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் உள்ளது. மறுபுறம், கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து ஏராளமான குஞ்சுகள் செல்லப் பிராணி வணிகத்திற்காக ஏற்றுமதியாகியுள்ளன. சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் வளைகளிலிருந்து தோண்டி எடுத்துவந்து, பண்ணைகளில் குஞ்சு பொரிக்கச் செய்து அனுப்புவது அங்குள்ள வழக்கம்.

இந்த எலி வளையை மனத்தில் வைத்துக்கொண்டால் வளர்ப்பு முறை முழுவதும் எளிதில் விளங்கும். வளைக்குள் இருட்டு, உடலை எல்லாப் பக்கமும் தொடும் நெருக்கம், பகலிரவு அதிகம் மாறாத வெப்பம், வெளியே வறண்டிருந்தாலும் உள்ளே ஈரக் காற்று. புறக்கணிக்கப்பட்ட பாம்பிடம் காணும் நோய்களில் பெரும்பாலானவை இவற்றுள் ஏதாவது ஒன்று கிடைக்காமல் போனதால் வந்தவையே.

ஏற்கும் முன் யோசிக்க வேண்டியது

பந்து மலைப்பாம்பு 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச் சாலையில் 60 வயதைக் கடந்த பாம்பு ஒன்று 2020-ஆம் ஆண்டில் முட்டையிட்டது. ஆகவே பத்து வயதுச் சிறுவனுக்காக ஏற்கப்படும் பாம்பை, அவன் வளர்ந்து வீட்டைவிட்டுச் சென்றபின் பெற்றோரே கவனிக்க நேரும். முன்னைய வீட்டில் புறக்கணிப்பு தொடங்கியதும் பெரும்பாலும் இவ்விடத்தில்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, வளர்ப்பவர் தம் விலங்கின் தேவைகளை நிறைவு செய்யக் கடமைப்பட்டவர். பாம்புக்கும் இது பொருந்தும். அருகில் ஊர்வனவற்றுக்கு மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரித்த பின்னரே பாம்பை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

மெலிவை அறிதல்

நல்ல நிலையிலுள்ள பாம்பின் உடல், குறுக்கே பார்த்தால் முனைகள் மழுங்கிய முக்கோணம் போல் இருக்கும். மெலிந்த பாம்பில் முதுகெலும்பு கூரை முகடுபோல் புடைத்து நிற்கும். இருபுறமும் தசை வற்றிக் குழிந்திருக்கும். தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குவதும் கண்கள் உள்வாங்கியிருப்பதும் நீர் வற்றியதற்கு அடையாளம்.

கீழ்க்கண்டவற்றையும் கவனிக்க வேண்டும்.

1. கண்ணோரம், தாடைக்கு அடியில், செதில் இடுக்குகளில் குண்டூசித் தலையளவில் கருமையாக ஊரும் சிற்றுண்ணிகள். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் கரும்புள்ளிகளாகச் செத்துக் கிடந்தாலும் உண்ணி உண்டு என்றே பொருள்.

2. வாயைத் திறந்தபடி மூச்சு விடுதல், மூச்சில் சீழ்க்கை ஒலி, மூக்கிலோ வாயிலோ நுரை அல்லது சளி. இவை நுரையீரல் நோயின் குறிகள். பாம்புக்கு உதரவிதானம் இல்லை. மனிதரைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற அதனால் இயலாது. சளி உள்ளேயே தேங்குவதால் நோய் விரைவில் முற்றும்.

3. ஈறுகளில் சிவப்பு, சீழ், இரத்தக் கசிவு. இது வாய்ப்புண்.

4. வயிற்றுப்புறச் செதில்கள் பழுத்தோ கருகியோ இருத்தல். கட்டுப்பாடற்ற வெப்பத் தகட்டின்மேல் கிடந்து வெந்த புண் இது. கீழிருந்து சுடும் சூட்டைப் பாம்பு உடனே உணர்ந்து விலகுவதில்லை.

5. உரியாத பழைய சட்டை துண்டு துண்டாக உடலிலும் கண்ணின்மேலும் வால்நுனியிலும் ஒட்டியிருத்தல்.

இரண்டாவது முதல் நான்காவது வரை சொன்ன குறிகளில் எது தென்பட்டாலும், பாம்பு மிகவும் மெலிந்திருந்தாலும், காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆடு மாடுகளுக்கோ நாய்க்கோ வைத்திருக்கும் மருந்தை அளவு குறைத்துக் கொடுக்கலாம் என்று எண்ணுவது ஆபத்து. வீட்டில் ஈ, கொசுவுக்கு அடிக்கும் மருந்தும் பாம்பைக் கொல்லக்கூடும்.

முதல் வேலை: வெப்பம்

மெலிந்த பாம்பைக் கண்டதும் அதற்கு உடனே ஓர் எலியைக் கொடுக்கவே எவருக்கும் மனம் துடிக்கும். இதுவே முதல் தவறு. பாம்பு குளிர்இரத்தப் பிராணி. அதன் செரிமானம் முழுவதும் வெளி வெப்பத்தை நம்பியிருக்கிறது. உடல் குளிர்ந்திருக்கும்போது விழுங்கிய இரை செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். பாம்பு அதைக் கக்கிவிடும். கக்கும்போது உடலில் எஞ்சியிருந்த நீரும் சத்தும் சேர்ந்து போய்விடும்.

ஆகவே பாம்பு வந்து சேரும் முன்பே கூண்டு தயாராக இருக்க வேண்டும். பாம்பு உடலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு இடம் தேவை. வளர்ந்த பாம்புக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் கொண்ட பெட்டி ஏற்றது. பெட்டியின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சியாகவும் இருத்தல் அவசியம். சூடான பக்கத்தில் 31 முதல் 33 டிகிரி சென்டிகிரேட், குளிர்ந்த பக்கத்தில் 25 முதல் 27 டிகிரி இருக்கலாம். இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்க விடக்கூடாது. இங்கிலாந்தின் குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே வெப்பம் இதற்கு மிகவும் கீழே போய்விடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வெப்ப விளக்கோ வெப்பத் தகடோ எதுவாயினும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் இணைக்கக் கூடாது. பெட்டிக்குள் விளக்கு இருந்தால் அதைச் சுற்றிக் கம்பி வலை பொருத்த வேண்டும். இல்லையேல் பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். கடையில் விற்கும் மின்சூட்டுக் கல்லை அறவே தவிர்க்க வேண்டும். இரு பக்கமும் ஒவ்வொரு வெப்பமானி வைத்து, பாம்பு படுக்கும் மட்டத்தில் அளப்பதே சரியான அளவு. கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டை மதிப்பிடுவது பயன் தராது.

மறைவிடமும் ஈரமும்

சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு மறைவிடங்கள் வேண்டும். ஒன்றே ஒன்று வைத்தால், ஒளிந்திருப்பதா, வேண்டிய வெப்பத்தில் இருப்பதா என்று பாம்பு திண்டாடும். மறைவிடம் விசாலமாக இருப்பது நன்மையன்று. சுருண்டு படுத்தால் உடல் சுவர்களில் தொடும் அளவே போதும்.

காற்றின் ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம் இருக்கட்டும். சட்டை உரிக்கும் பருவத்தில் 70 சதவீதம் வரை உயர்த்தலாம். இதற்காகப் பெட்டி முழுவதையும் நனைத்து வைப்பது தவறு. எப்போதும் ஈரமான தரையில் கிடந்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும். ஒரு சிறு பெட்டியில் ஈரப் பாசியை நிரப்பி, நுழைவாயில் வெட்டி உள்ளே வைத்தால் பாம்பு தேவையானபோது அதில் புகுந்துகொள்ளும்.

புதிதாக வந்த பாம்புக்குத் தரை விரிப்பாகப் பழைய செய்தித்தாளே போதும். உண்ணி, சளி, கழிசல் எதுவும் அதில் பளிச்செனத் தெரியும். அன்றாடம் மாற்றுவதும் எளிது. தேவதாரு வகை மரச் சீவல்களில் உள்ள எண்ணெய் பாம்புக்குக் கேடு செய்வதால் அவற்றைப் போடக்கூடாது. வீட்டில் வேறு பாம்பு இருந்தால் புதிய பாம்பை 3 மாதம் தனி அறையில் வைக்க வேண்டும். பழைய பாம்பைக் கவனித்த பிறகே புதியதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது வேலை: நீர்

உடல் சூடேறியபின் நீர் வற்றலைச் சரிசெய்ய வேண்டும். கவிழாத கனமான கிண்ணத்தில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். மிகவும் வற்றிய பாம்பை 28 முதல் 30 டிகிரி சூடுள்ள வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் விடலாம். நீரின் ஆழம் பாம்பின் உடல் பருமனில் பாதிக்குமேல் இருக்கக் கூடாது. அருகில் ஆள் இல்லாமல் விட்டுச் செல்லவும் கூடாது. சோர்ந்த பாம்பு தலையைத் தூக்க இயலாமல் ஆழமற்ற நீரிலும் மூழ்கிவிடும். சளி பிடித்த பாம்புக்கு மருத்துவர் சொன்னால் மட்டுமே இதைச் செய்யலாம்.

ஒட்டியுள்ள சட்டையைக் கையால் பிய்த்து எடுக்கக் கூடாது. ஈரத் துணி இட்ட காற்றோட்டமுள்ள டப்பாவில் அரை மணி நேரம் வைத்து, பின் ஈரத் துண்டைக் கையில் தளர்வாகப் பிடித்து அதனூடே பாம்பைத் தானே நழுவிச் செல்ல விட்டால் சட்டை கழன்றுவரும். கண்ணின்மேல் ஒட்டிய சட்டையைத் தொடவே கூடாது. ஈரப்பதம் சரியாயிருந்தால் அடுத்த உரிப்பில் அதுவும் சேர்ந்து வந்துவிடும். வராவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வால்நுனியில் வளையமாக இறுகிய சட்டையை மட்டும் விட்டுவைக்கலாகாது. அது இரத்த ஓட்டத்தைத் தடுத்து நுனியைச் சாகச் செய்யும்.

மூன்றாவது வேலை: இரை

பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மாட்டுக்கு ஒரே நாளில் வயிறு நிறையத் தானியம் வைத்தால் மாடு படுத்துவிடும் என்பதை உழவர் அறிவர். பட்டினி கிடந்த பாம்பின் நிலையும் ஏறக்குறைய அதுவே. காரணம் வேறு, விளைவு ஒன்று. நெடுநாள் பட்டினிக்குப்பின் திடீரென்று பெரிய இரை உட்சென்றால், இரத்தத்தில் உள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற உப்புகள் செல்களுக்குள் இழுக்கப்பட்டு இரத்தத்தில் அவற்றின் அளவு சட்டெனக் குறைந்துவிடும். இதயமும் தசைகளும் செயலிழந்து பாம்பு இறக்கவும் கூடும். அன்புடன் ஊட்டிய முதல் உணவே கடைசி உணவாவது இவ்வாறுதான்.

எனவே முதல் ஒரு வாரம் வெப்பமும் நீரும் அமைதியும் மட்டும் தந்து, பின்னரே இரை வைக்க வேண்டும். வளர்ந்த பாம்புக்கு வழக்கமாக ஒரு வேளை இரை அதன் எடையில் 5 சதவீதம் அளவில் இருக்கலாம். தேற்றும் காலத்தில் இதில் பாதியே போதும். உதாரணமாக, 1,500 கிராம் இருக்க வேண்டிய ஒரு பெண் பாம்பு 900 கிராமாக மெலிந்திருப்பதாகக் கொள்வோம். இருக்க வேண்டிய எடையைக் கணக்கில் கொள்ளாமல், இருக்கும் எடையைக் கணக்கிட வேண்டும். 900 கிராமுக்கு 5 சதவீதம் 45 கிராம். அதில் பாதி ஏறக்குறைய 22 கிராம். அதாவது ஒரு சுண்டெலி. 7 முதல் 10 நாள் இடைவெளியில் இதே அளவில் மூன்று நான்கு முறை கொடுத்து, கக்காமல் செரித்துக் கழிவும் சரியாக வெளியேறினால், பிறகு படிப்படியாக அளவைக் கூட்டலாம். பழைய எடை திரும்பப் பல மாதங்களாகும். நன்கு தேறிய வளர்ந்த பாம்புக்கு 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை இரை போதுமானது.

உயிருள்ள எலியை உள்ளே விடக் கூடாது. பசித்த எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். மெலிந்த பாம்பால் எதிர்க்க முடியாது. மேலை நாடுகளில் உறையவைத்த எலிகள் கடைகளில் கிடைக்கின்றன. இரவு முழுதும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகச் செய்து, பின் உறையோடு வெந்நீரில் இட்டு, உயிருள்ள எலியின் உடற்சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பந்து மலைப்பாம்பின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. இரை சூடாக இருந்தால்தான் அது இரையென்று பாம்புக்குத் தெரியும். மாலை மங்கியபின் நீண்ட இடுக்கியால் பிடித்து முன்னே காட்ட வேண்டும். உண்டபின் 48 மணி நேரம் பாம்பைத் தூக்கக் கூடாது.

கக்கிவிட்டால் மறுநாளே மீண்டும் ஊட்டாமல் இரண்டு வாரம் பொறுத்து, வெப்பத்தைச் சரிபார்த்து, முன்னதைவிடச் சிறிய இரை தர வேண்டும். இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நல்ல நிலையிலுள்ள பந்து மலைப்பாம்பு, அதிலும் ஆண் பாம்பு, இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் உண்ணாமலிருப்பது இயல்பு. பெண் பாம்பும் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு ஏறத்தாழ இரண்டு மாதம் அடைகாக்கும்போது பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. ஆனால் மெலிந்த பாம்பின் பட்டினியை இவ்வாறு இயல்பென விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று முறை இரையை மறுத்தாலோ எடை மேலும் குறைந்தாலோ மருத்துவ உதவி தேவை. வாயைப் பிளந்து வலிய ஊட்டும் வேலையைப் புதியவர் செய்யலாகாது.

உண்ணி ஒழிப்பு

சிற்றுண்ணி பாம்பின்மேல் இரத்தம் குடித்தாலும் முட்டையிடுவது பெட்டியின் இடுக்குகளில்தான். எனவே பாம்புக்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. விரிப்பைப் பையில் கட்டி அகற்ற வேண்டும். பெட்டியையும் மறைவிடங்களையும் வெந்நீரால் கழுவி உலர்த்த வேண்டும். புதிய முட்டைகள் பொரித்து வருமாதலால் ஒருமுறையோடு நிறுத்தாமல் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும் செய்ய வேண்டும். குடற்புழு உள்ளதா என அறிய முதல் கழிவை மருத்துவரிடம் சோதனைக்குக் கொடுப்பது நல்லது.

கையாளுதலும் குறிப்பேடும்

மூன்று வேளை இரையை ஒழுங்காக உண்டபின் பாம்பைக் கையில் எடுத்துப் பழக்கலாம். முதலில் 5 முதல் 10 நிமிடம் போதும். இரு கைகளாலும் உடலைத் தாங்கி எடுக்க வேண்டும். பந்தாகச் சுருண்டால் அது அஞ்சுகிறது என்று பொருள். மெல்ல உள்ளே விட்டுவிட வேண்டும். பாம்பின் உடலிலும் கழிவிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் அவசியம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர் ஆகியோரை அருகில் விடாதிருப்பது நலம். சமையலறைத் தொட்டியில் பாம்பின் கிண்ணத்தைக் கழுவக் கூடாது.

ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, எடை, இரையின் அளவு, கழிவு, சட்டை உரித்த நாள் ஆகியவற்றை எழுதிவர வேண்டும். வாரம் ஒருமுறை தராசில் நிறுத்துக் குறித்தால், கண்ணுக்குத் தெரியுமுன் எண்கள் உண்மையைச் சொல்லிவிடும். மருத்துவருக்கும் இக்குறிப்பு பெரிதும் உதவும்.

நம் நாட்டில்

பந்து மலைப்பாம்பு பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. பாங்காக் போன்ற நகரங்களிலிருந்து பயணிகளின் பெட்டிகளில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட இப்பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டுள்ளன. 2022-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் 2024-இல் வந்த விதிகளும், இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. ஆவணமின்றி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது குற்றத்தில் முடியும்.

நம் வயல்களிலும் காடுகளிலும் காணப்படும் இந்திய மலைப்பாம்பு அச்சட்டத்தின் முதல் பட்டியலில் முழுப் பாதுகாப்புப் பெற்றது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் கொல்வதும் குற்றம். அடிபட்டோ மெலிந்தோ கிடக்கக் கண்டால், இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டு செல்லாமல் வனத்துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும்.

புறக்கணிக்கப்பட்ட பாம்பைத் தேற்றுவதில் செலவைவிடப் பொறுமையே பெரிது. முதலில் வெப்பம், அடுத்து நீர், அதன்பின் சிறிது சிறிதாக இரை. இவ்வரிசை மாறாமல் கவனித்துவந்தால், முகடுபோல் நின்ற முதுகெலும்பு தசைக்குள் மறைந்து, சட்டை ஒரே துண்டாக உரிந்துவரும் நாளை வளர்ப்போர் காணலாம்.